தாத்தா சொன்ன இரண்டும் சரி

கேள்வி: எங்கள் தாத்தா காரைக்காலில் இருந்து பினாங்கு வந்தவர். பிரெஞ்சுக்காரன் சிவன் கோயிலை இடித்தான் என்பார், அதே மூச்சில் மதம் மாறு என்று எங்களை யாரும் நெருக்கவில்லை என்றும் சொல்வார். எதை நம்புவது? இங்கே பினாங்கின் புலாவ் திக்குஸில் இருந்த பிரெஞ்சு சாமியார்களுக்கும் பாண்டிச்சேரிக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: இரண்டையும் நம்புங்கள். பாண்டிச்சேரியில் கும்பினி, அதாவது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, வந்தது வியாபாரத்துக்கு. நெசவாளிகளும் செட்டிகளும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பிவிட்டால் கப்பலில் ஏற்றத் துணி கிடையாது, அதனால் கவர்னர்கள் மதத்தில் கை வைக்கத் தயங்கினார்கள். ஆனால் சேசு சபை (ஜெசூட்) சாமியார்கள் விடாமல் கவர்னரின் காதைக் கடித்தார்கள். யார் பேச்சு அன்றைக்கு எடுபட்டதோ அதுதான் அன்றைய சட்டம்.

நைனியப்பப் பிள்ளை கதையைக் கேளுங்கள், எனக்கு இன்றும் மனம் ஆறாது. கும்பினியின் தலைமைத் துபாஷி, அதாவது வியாபாரத் தரகர், கடைசி வரை இந்துவாகவே இருந்தவர். ஏழைக் கிறிஸ்தவர்களுக்குச் சோறு போட்டு ஜெபமாலையும் கொடுத்தார், அதுவே சாமியார்களுக்கு ஆகவில்லை. 1716இல் கவர்னர் எபேர் அவரைப் பிடித்து அடைத்தார். விசாரணை பிரெஞ்சில் நடந்தது. அவருக்கோ பிரெஞ்சு தெரியாது, மொழிபெயர்த்தவனோ சேசு சபை உபதேசியாரின் மகன்! கடைவீதியில் 50 கசையடி, அப்புறம் சிறை. 1717இல் சிறையிலேயே செத்துப்போனார். பிறகு பாரிசில் அந்தத் தீர்ப்பே ரத்தானது. மகன் குருவப்பா பிரான்சுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்று, தகப்பனாரின் பதவியோடு ஊர் திரும்பினார். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லைதான், ஆனால் வேலைக்கு மதம் எவ்வளவு உதவியது என்று பாருங்கள்.

தாத்தா சொன்ன கோயில் வேதபுரீஸ்வரர் கோயில். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம், கவர்னர் துய்ப்ளே காலத்தில் இடித்தார்கள். நைனியப்பரின் உறவினரான ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

புலாவ் திக்குஸில் இருந்தது சாமியார்களுக்குப் பயிற்சி தரும் குருமடம், அது வேறு சபையுடையது, பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபை. 1665இல் சயாமின் (இன்றைய தாய்லாந்து) அயுத்தியாவில் தொடங்கி, அங்கே போர் வந்து ஓடி, 1770இல் பாண்டிச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினத்தில் ஒதுங்கி, 1782இல் அங்கேயும் மூடி, கடைசியில் 1808இல் பினாங்கில் நிலைத்தது. பிரெஞ்சு சாமியார்கள்தான், ஆனால் பினாங்கு அப்போது ஆங்கிலேயர் கையில், அதனால் நிழல் கொடுத்தது ஆங்கிலக் கொடி. இப்போது அந்தக் குருமடம் பினாங்கிலேயே தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் இருக்கிறது.