முகம் காட்டாமல் பேசினால் தப்பா?

கேள்வி: வீடியோ கால் என்றாலே சாக்கு சொல்லி நழுவிவிடுகிறேன், நேரில் பேசவும் தயக்கம், ஆனால் போனில் குரல் மட்டும் என்றால் மணிக்கணக்கில் பேசுவேன். இது கோளாறா?

பதில்: கோளாறெல்லாம் இல்லை. வீடியோவில் எதிராளியின் முகம் மூக்கருகே வந்து நிற்கிறது, போதாக்குறைக்கு நம் மூஞ்சியையும் ஓரத்தில் பார்த்துக்கொண்டே பேச வேண்டும், எழுந்து நடக்கவும் முடியாது. அலுப்புக்குக் காரணங்கள் இவை என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-ல் எழுதினார். குரலை மட்டும் கேட்கும்போதுதான் அடுத்தவர் உணர்ச்சியை இன்னும் சரியாகக் கணிக்கிறோம் என்கிறது உளவியலாளர் மைக்கேல் க்ரௌஸின் 2017 ஆய்வு. (1970-லேயே அமெரிக்காவில் பிக்சர்ஃபோன் என்று முகம் பார்த்துப் பேசும் போனை விற்றுப் பார்த்தார்கள், சீந்த ஆளில்லை!) நேரில் பேசும் தயக்கம் பயமாகி வேலையைக் கெடுத்தால் மட்டும் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அப்புறம், சாக்கு எதற்கு? ‘கேமரா இல்லாமல் கூப்பிடு’ என்றே நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள்.