வரியா, கடனா: உங்கள் பணம் எங்கே போகிறது?

கேள்வி: இல்லினாய் மாநிலம் நேப்பர்வில்லில் வசிக்கிறோம். இருவர் வருமானம் சேர்த்து 1,80,000 டாலர். சொத்து வரி மட்டும் 11,400. 2020-இல், வருமானத்துக்கேற்ப மாநில வருமான வரி விகிதத்தை மாற்றும் 'ஃபேர் டாக்ஸ்' திருத்தம் வாக்கெடுப்பில் தோற்றபோதே மனசு விட்டுப்போச்சு. எஸ்க்ரோவில் (சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் வங்கி மாதாமாதம் பிடித்து வைக்கும் கணக்கு) பற்றாக்குறை என்று வங்கி கேட்ட 2,160-ஐ ஹெலாக்கில் (வீட்டை ஈடாக வைத்து, வேண்டும்போது எடுக்கும் கடன்) எடுத்துக் கட்டினோம். கோவையில் கொழுந்தனார் மனை வாங்க அனுப்பியதும் சேர்ந்து ஹெலாக் பாக்கி 38,000, வட்டி 8.5%. இப்போது அவர் இன்னும் 10,000 கேட்கிறார். அடுத்த வாக்கெடுப்பில் வரி குறையும்வரை இப்படியே சமாளிக்கலாமா? நண்பர் ஒருவர் மாதம் 500 டாலரில் ஐயூஎல் (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) எடுக்கச் சொல்கிறார்.

பதில்: அந்தத் திருத்தம் ஜெயித்திருந்தால் உங்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? எல்லோருக்கும் ஒரே 4.95% என்பதற்குப் பதில் முதல் 10,000-க்கு 4.75%, அடுத்த 90,000-க்கு 4.9%. அதில் மிச்சம் 20-ம் 45-ம், ஆக 65 டாலர். கட்டிய சொத்து வரிக்காக வருமான வரியில் கிடைக்கும் கழிவு 5%-லிருந்து 6% ஆகியிருக்கும், அதில் 114. மொத்தம் வருஷத்துக்கு 179 டாலர்தான். உங்கள் ஹெலாக் வட்டியோ வருஷத்துக்கு 3,230. 2024-இல் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்குக் கூடுதலாக 3% வரி போட்டு அதைச் சொத்து வரி நிவாரணத்துக்குத் தரலாமா என்று கேட்டார்கள், மக்களும் சரி என்றார்கள். ஆனால் அது வெறும் கருத்துக் கேட்பு, சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

உங்களைக் கெடுப்பது, எது வந்தாலும் ஹெலாக்கில் கைவைக்கிற பழக்கம். எஸ்க்ரோ பற்றாக்குறையை வங்கி 12 மாதங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். மாதம் 180, வட்டி கிடையாது. வட்டியில்லாத பாக்கியை 8.5% கடனாக நீங்களே மாற்றிக்கொண்டீர்கள். அடுத்த முறை கடிதம் வந்தால் மொத்தமாகக் கட்டாமல் மாதத் தவணையையே தேர்ந்தெடுங்கள். மனைக்கு அனுப்பிய பணத்தின் வட்டிக்கு வருமான வரியில் கழிவும் கிடையாது. வீட்டை வாங்க, கட்ட, மேம்படுத்தச் செலவழித்திருந்தால்தான் அது கிடைக்கும். வட்டி விகிதமும் நிலையானதல்ல. பணம் எடுக்கும் காலம் முடிந்ததும் அசலும் தவணையில் சேரும், மாதத் தொகை குபுக்கென்று ஏறும்.

இந்த வாரமே வங்கிக்கு எழுதி, இனிப் பணம் எடுக்க முடியாதபடி ஹெலாக்கை நிறுத்தச் சொல்லுங்கள். கொழுந்தனாரிடம் உங்கள் கணவரே பேசட்டும்: "கடன் வாங்கித் தர இனி வழியில்லை, தம்பி." மனை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் அதே பேச்சில் கேட்டுவிடுங்கள்.

ஐயூஎல் இப்போது வேண்டவே வேண்டாம். முதல் சில வருஷம் கமிஷனும் கட்டணமும் போக கையில் நிற்பது கொஞ்சம். நடுவில் விட்டால் சரண்டர் கட்டணம் வேறு. குழந்தைகளுக்காகப் பாதுகாப்பு வேண்டுமென்றால் டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு) போதும். அந்த 500-உடன் இன்னும் 500 சேர்த்து மாதம் 1,000 ஹெலாக்கில் கட்டினால் நாலு வருஷத்துக்குள் அடையும்.

வரியில் செய்ய முடிந்தது இரண்டு. மாநில வருமான வரிப் படிவமான ஐஎல்-1040 உடன் ஷெட்யூல் ஐசிஆர் என்ற தாளை இணைத்து, கட்டிய சொத்து வரியில் 5% கழிவு, அதாவது 570 டாலர், வாங்குகிறீர்களா என்று பாருங்கள். நிறையப் பேர் வீட்டின் சொத்து அடையாள எண்ணை (PIN) போடாமல் அதை இழக்கிறார்கள். அடுத்து, டவுன்ஷிப் மதிப்பீட்டுப் பட்டியல் வெளியானதும் உங்கள் மதிப்பீட்டை மூன்றால் பெருக்குங்கள் (சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குதான் மதிப்பீடு). வருகிற தொகை அக்கம்பக்கத்தில் அதே அளவு வீடுகள் விற்ற விலையைவிட அதிகமென்றால், அப்படிப்பட்ட மூன்று வீடுகளின் விவரத்தோடு 30 நாளுக்குள் மதிப்பீட்டை மறுஆய்வு செய்யும் கவுண்டி போர்டு ஆஃப் ரிவ்யூவில் மேல்முறையீடு செய்யுங்கள். நாள் தவறினால் அடுத்த வருஷம்தான்.