வேண்டுமென்றே விட்ட பந்து

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கல்லூரியில் நாலு பேப்பர் அரியர் வைத்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், புதுச்சேரியில் ஒரு மாடி ஹாலில் எனக்கு எயிட் பால், அதாவது மேசைமேல் கோலால் பந்தைத் தட்டிப் பையில் போடும் ஆட்டம், ஆடக் கற்றுக்கொடுத்தவர் என் மாஸ்டர். ஒரு பைசா வாங்கியதில்லை. டேபிள் வாடகையைக்கூடப் பல நாள் அவரே கொடுத்தார். கோலைப் பிடித்துக் குனிந்து பொறுமையாக நிற்கப் பழகியதால்தான் பிறகு உட்கார்ந்து படிக்கவும் முடிந்தது என்று நினைக்கிறேன். இன்று நல்ல வேலையில் இருக்கிறேன். அவருக்கு இப்போது 76 வயது. இன்னமும் சனிக்கிழமைகளில் வந்து பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கை லேசாக நடுங்குகிறது. நீலப் பந்தையும் ஊதாப் பந்தையும் மாற்றி மாற்றி அடிக்கிறார். அவர் மனம் நோகக்கூடாது என்று சில மாதங்களாக நான் வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அவரிடம் கற்ற நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து மண்டபம் பிடித்து, பொன்னாடை போர்த்தி, பொற்கிழி கொடுக்கலாம் என்றிருக்கிறோம். ஏகலைவன் கட்டைவிரலையே கொடுத்தான், நாங்கள் இதையாவது செய்ய வேண்டாமா? ஆனால் அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். விழா எடுப்பது சரிதானா? எப்படிச் செய்தால் ஏற்றுக்கொள்வார்? இன்னொன்று, இப்போதெல்லாம் பல அடிகளை யூட்யூப் பார்த்துத்தான் கற்கிறேன். அவருக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கிறது.

எஸ்.,
கடலூர்

அன்புள்ள எஸ்.,

யூட்யூப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அதில் துரோகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாருங்கள். முடிந்தால் மாஸ்டரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். ‘என்னடா இவன் இப்படி அடிக்கிறான்’ என்று அவர் திட்டுவதைக் கேட்பதற்காகவாவது பாருங்கள்.

(அந்த ஆட்டத்தின் இங்கிலீஷ் பெயரை, நீச்சல் குளத்துக்கும் சொல்கிற அதே சொல்லை, தமிழில் எழுதாமல் சாமர்த்தியமாக ‘எயிட் பால்’ என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். நாங்களும் அந்தக் காலத்தில் வீட்டில் ‘டேபிள் ஆடப் போறேன்’ என்றுதான் சொல்வோம்.)

அடுத்து ஏகலைவன். தயவுசெய்து அந்தப் பையனை விட்டுவிடுங்கள். அவனுக்குத் துரோணர் ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை, மண் பொம்மையை வைத்துத் தானே கற்றான். உங்கள் மாஸ்டரோ கற்றும் கொடுத்து டேபிள் வாடகையும் கொடுத்திருக்கிறார். எங்கே பொருந்துகிறது? அதுவும் இந்த ஆட்டத்தில் போய்க் கட்டைவிரலைப் பேசுகிறீர்கள். மேசைமேல் ஊன்றிய இடது கையில், தூக்கிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரல் கணுவுக்கும் நடுவில் விழும் பள்ளத்தில்தானே கோல் ஓடுகிறது? பயிற்சியாளர்களுக்கு நம் அரசு தரும் விருதுக்கும் துரோணாச்சாரியார் பெயர்தான். 1958இல் கல்கத்தாவில் அமெச்சூர் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்தை வென்ற வில்சன் ஜோன்ஸ், 1964இல் மறுபடியும் வென்றவர், 1996இல் அந்த விருதை வாங்கினார். கட்டைவிரல் பள்ளத்தில் கோலை ஓட்டியே உலகப் பட்டம் கொண்டுவந்த மனிதருக்குக் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர் பெயரில் விருது. சரி, அது வேறு பேச்சு.

உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது ஒரே வரி. ‘வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருக்கிறேன்.’ இதைக் கொஞ்சம் பெருமையோடு வேறு எழுதியிருக்கிறீர்கள்.

அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? உங்களை அவர் எத்தனை வருஷம் பார்த்திருப்பார்! நீங்கள் குனிகிற விதத்தை வைத்தே அந்தப் பந்து விழுமா விழாதா என்று சொல்லிவிடுவார். மெய்யாகவே தவறுகிறவனுக்கு அடிக்கும் நேரத்தில் தோள் துள்ளும், தலை தூக்கும், மூச்சு பிசகும். வேண்டுமென்று விடுகிறவனின் கோல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். பந்து மட்டும் போகாது. இன்னொன்று, இதுதான் முக்கியம், வெள்ளைப் பந்து. கோல் தொடுவது அதை மட்டும்தானே, மற்றப் பந்துகளை அதுதான் போய்த் தள்ளுகிறது. உங்கள் மாஸ்டர் முதல் நாளிலிருந்தே ‘வெள்ளையைப் பார், வெள்ளையைப் பார்’ என்று கத்தியிருப்பார். நல்ல ஆட்டக்காரன் ஒரு பந்தைப் போடும்போதே அடுத்த பந்துக்கு வெள்ளை எங்கே நிற்கவேண்டும் என்று யோசித்துத்தான் அடிக்கிறான். நடுவில் அடித்து, உருளவிடாமல் வழுக்கவிட்டு மோதினால் இரண்டு பந்தும் செங்கோணத்தில் பிரியும். வெள்ளை போய் நிற்கிற இடத்தை முன்கூட்டியே கையால் தொட்டுக் காட்டலாம். தோற்பதற்காக அடிக்கிறவனுக்கு அடுத்த பந்தே கிடையாது. அதனால் அவன் வெள்ளை திக்குத் தெரியாமல் எங்கேயோ போய் நிற்கும். உங்கள் மாஸ்டருக்கு நீலமும் ஊதாவும் குழம்பலாம். வெள்ளை குழம்பாது. சில மாதங்களாக அவர் உங்கள் பொய்யைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், உங்கள் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் இருக்கிறார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் செய்திருக்கிறேன்.

1983இல் எனக்கு 24 வயது. புதுச்சேரியில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். எங்கள் மேனேஜர் ஒரு கிளப்பில் உறுப்பினர். எந்தக் கிளப் என்று கேட்காதீர்கள். ஆட ஆள் கிடைக்காத சாயங்காலங்களில் என்னை இழுத்துக்கொண்டு போவார். பன்னிரண்டடி பில்லியர்ட்ஸ் மேசை. அந்தப் பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது கல்பலகை என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அங்கேதான் மார்க்கரைப் பார்த்தேன்.

மார்க்கர் என்றால் உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. பலகையில் புள்ளி ஏற்றுவார், பையில் விழுந்த பந்தை எடுத்து அதன் இடத்தில் வைப்பார், எட்டாத பந்துக்குக் கோலைத் தாங்கும் நீளக் குச்சியை, ரெஸ்ட் என்பார்கள், எடுத்துக் கொடுப்பார், எல்லாரும் போனபிறகு துணியை ஒரே திசையாகப் பிரஷ் போட்டு இஸ்திரி போடுவார். ஆள் இல்லாதபோது உறுப்பினர்களோடு ஆடுவார், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்தக் கிளப்பில் அவரை ஜெயிக்க ஒருவரும் கிடையாது. ஆனால் கிளப் போட்டியில் அவர் ஆட முடியாது. உறுப்பினர்கள் உட்காரும் நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ வந்தால் அவருடையது தனி டம்ளர்; ஜன்னல் திட்டில் இருக்கும்.

அதே மேசையில் ஆடும் ஸ்னூக்கர் பிறந்த கதையைப் படித்திருப்பீர்கள். 1875, ஜபல்பூர், ராணுவ அதிகாரிகளின் மெஸ், நெவில் சேம்பர்லைன் என்கிற இளம் அதிகாரி. பிறகு ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டினார்கள். நல்லது. அந்த மழைக்கால சாயங்காலங்களில் பந்து அடுக்கிக் கொடுத்தவன் எவனோ ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? அவனைப் பற்றி யார் பேசுகிறார்கள்? எங்கள் மார்க்கர் பெயரும் அந்தக் கிளப்பின் எந்தப் பலகையிலும் இல்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை, அவர் பிள்ளைகள் விரும்பமாட்டார்கள்.

அவருடைய தாய்மாமன் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒயிட் டவுனில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவர். அங்கே இருந்தது பிரெஞ்சு மேசை. பையே கிடையாது, மூன்றே பந்து. மாமனோடு அதைத் துடைக்கப் போய் இவர் சின்ன வயதில் கற்றுக்கொண்டார். அதனாலோ என்னவோ வாயால் சொல்லித்தரும் பழக்கமே அவரிடம் இல்லை. வெள்ளைப் பந்தின் மேல்பாதியில் ஓரிடத்தில் நகத்தை வைப்பார். “இங்க சார்.” அவ்வளவுதான் பாடம். ரொம்ப வருஷம் கழித்து ஒரு இயற்பியல் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். பந்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு ஏறி, கோலைப் படுக்கையாக வைத்து அடித்தால், பந்து கொஞ்சமும் வழுக்காமல் தொட்ட கணத்திலிருந்தே உருளுமாம். மார்க்கர் நகம் வைத்த இடம். பில்லியர்ட்ஸ் பந்துகள் உருள்வதையும் சுழல்வதையும் பற்றி மட்டுமே கோரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1835இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார் என்றும் அந்தப் பேராசிரியர்தான் சொன்னார். வங்கக் கடலில் புயல் ஏன் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று விளக்கும்போது அடிபடுமே, அதே கோரியோலிஸ்.

2004 வாக்கில் மார்க்கர் வேலையை விட்டு, பென்ஷன் என்று எதுவும் இல்லாமல், முத்தியால்பேட்டையில் வீட்டோடு இருந்தார். எழுபது தாண்டிவிட்டது. நான் சென்னைக்கு மாற்றலாகியிருந்தேன். ஊருக்கு வரும்போது அவரை ஒரு மாடி பார்லருக்குக் கூட்டிப்போவேன். மணிக் கணக்கில் வாடகை, சின்ன மேசை, உங்கள் எயிட் பால். அன்றைக்கு எனக்குக் கறுப்பு மட்டும் பாக்கி, அதைப் போட்டால் ஆட்டம் என்னுடையது. பையின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஊதினால் விழும். அவருக்கு இன்னும் ஒரு பந்து இருந்தது. நீங்கள் செய்வதை நான் செய்தேன். ஓரமாகத் தட்டி, கறுப்பு பையின் உதட்டில் இடித்துத் திரும்பி வருகிற மாதிரி விட்டேன். ‘அடடா’ என்று தலையில் வேறு அடித்துக்கொண்டேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோலைச் சுவரில் சாய்த்தார். மேசையைச் சுற்றி வந்து கறுப்பை எடுத்தார். வேட்டி முனையில் துடைத்து, முன்பிருந்த இடத்திலேயே வைத்தார். வெள்ளையையும் எடுத்து அதன் பழைய இடத்தில் வைத்தார். ஆயுசெல்லாம் பந்து எடுத்து வைத்த கை, ஒரு நூல் பிசகவில்லை. விலகி நின்று, “அடிங்க சார்” என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. குனிந்தேன். இந்தத் தடவை மெய்யாகவே தவறவிட்டேன்.

“முன்ன விட்டது பொய். இது நெஜம்” என்றார். “முழங்கை எறங்குது சார். இருபது வருசமா சொல்றேன்.” அப்புறம் தன் பந்தையும் கறுப்பையும் போட்டுவிட்டு, டீ குடிக்கலாமா என்று கேட்டார்.

76 வயதில் ஒரு மனிதர் மாடிப்படி ஏறி வருவது ஜெயிப்பதற்காகவா, எஸ்.? நீங்கள் எங்கே தப்புச் செய்கிறீர்கள் என்று பார்க்கத்தான் வருகிறார். அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு பொன்னாடை போர்த்தப் பார்க்கிறீர்கள். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதாவது, கோபம்தான், உங்கள் மேல் மட்டும் இல்லை.

இருபது வருஷத்துக்கு மேல் அவர் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். கற்றுக்கொடுத்தவர் அவர். அவரை நான் மார்க்கர் என்றேன், பிற்பாடு அண்ணே என்றேன். ‘சார்’ என்று ஒருதரம்கூட வாயில் வரவில்லை. வரவேண்டும் என்றே அப்போது தோன்றவில்லை. நீங்கள் கடிதம் முழுக்க ‘மாஸ்டர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன், இல்லாவிட்டால் அந்த ஒரு வரியோடு மூடிவைத்திருப்பேன்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். நான் சென்னையிலிருந்து அவருக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. கரண்ட் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டுவிட்டேன். மார்ச்சில்தான் முத்தியால்பேட்டைக்குப் போனேன். ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. அவர் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

அவர் வீட்டம்மா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கிளப்பில் பழக்கம் என்றேன். “எந்த சார்?” என்று கேட்டார். எத்தனையோ சார்கள். பெயரைச் சொன்னேன், வங்கியைச் சொன்னேன், பிடிபடவில்லை. எனக்கு அவர்தான் ஆடக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்லி, கோல் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக் காட்டினேன். அந்த அம்மா என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“முழங்கை எறங்குற சாரா நீங்க?”

நீங்கள் கேட்டது விழாவைப் பற்றி. மண்டபம் பிடிப்பதும் விடுவதும் உங்கள் பதினைந்து பேர் பாடு. பணம் கொடுங்கள், யாருக்கும் வேண்டியதுதான், வீட்டில் வைத்துக் கவரில் கொடுங்கள். ஆனால் நீலமும் ஊதாவும் குழம்புகிறது என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பொன்னாடைக்குப் போய்விட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கண்புரை முற்றும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளடித்துப் போகும். நீலமும் ஊதாவும் மங்கி ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும். அவருக்கு அதுவாகவே இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும்? நீங்கள் சனிக்கிழமைதோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறுகிறீர்கள். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தாண்டித்தான் அந்த பஸ் போகிறது. எத்தனை தடவை தாண்டியிருப்பீர்கள்?

இந்த வாரம் புதுச்சேரிக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு அங்கே வாருங்கள். கை நடுக்கத்தைப் பற்றி வேறு டாக்டரிடம் அப்புறம் கேட்கலாம், முதலில் கண். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். சோதனைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். பஸ் ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் டேபிள் வேண்டாம்.