எப்போதும் 1 என்றே வருகிறது!

கேள்வி: பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு வரியில் ‘கல்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஒரு வைல் லூப் (நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எழுதினேன். முதலில் நிற்காமல் ஓடியது. எதையெதையோ மாற்றினேன். இப்போது நிற்கிறது, ஆனால் எத்தனை ‘கல்’ இருந்தாலும் விடை 1 தான். நிரலை அனுப்பியிருக்கிறேன். எனக்கு இதெல்லாம் வராதோ?
– ஒரு வாசகி

பதில்: நன்றாகவே வரும். நிரலை வரிவரியாகப் படித்தேன். எண்ணிக்கையை 0 ஆக்கும் வரி லூப்புக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் பழைய கணக்கு அழிந்து மறுபடி 0, மறுபடி 1. அந்த வரியை வைலுக்கு மேலே கொண்டுபோய்விடுங்கள்.

முன்பு ஏன் நிற்கவில்லை என்பதும் தெரிய வேண்டும். எங்கிருந்து தேடுவது என்று சொல்லாவிட்டால், ‘கல்’ இருக்கும் இடத்தைத் தேடித் தரும் ஃபைண்ட் எப்போதும் வரியின் தொடக்கத்திலிருந்தே தேடும். அதே ‘கல்’ திரும்பத் திரும்பக் கிடைக்கும். ‘இல்லை’ என்பதற்கு அடையாளமான -1 வரவே வராது. இப்போது கிடைத்த இடத்தோடு 1 கூட்டி, அங்கிருந்து தேடச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் நின்றது.

சரி, ஒரு தாளை எடுங்கள். லூப் சிக்கினால் நான் இன்றும் தாளில்தான் ஓட்டிப் பார்ப்பேன். ‘கல்வி கற்க கல்லூரி போகும் வழியில் கல்’ என்ற வரிக்கு இடம், எண்ணிக்கை என்று இரண்டு பத்தி போடுங்கள். பைத்தான் இடங்களை 0இலிருந்து எண்ணும். இடம் 0, எண்ணிக்கை 1. இடம் 11, எண்ணிக்கை 2. இடம் 34, எண்ணிக்கை 3. அப்புறம் -1.

விரல்விட்டு எண்ணினால் ‘கல்லூரி’ 8இல் தொடங்குவதாகத் தோன்றும். நமக்கு ‘ல்’ ஓர் எழுத்து. பைத்தானுக்கு லகரமும் புள்ளியும் தனித்தனி. ‘வி’, ‘ற்’ இரண்டும் அப்படியே.

இன்னொன்று: விடை 3, ஆனால் தனிச்சொல்லாக ‘கல்’ ஒன்றுதான். ஃபைண்ட் எழுத்துக்கோவையைத் தேடுகிறது, சொல்லை அல்ல. தனிச்சொல் மட்டும் வேண்டுமென்றால் ஸ்பிளிட் கொண்டு வரியைச் சொற்களாகப் பிரித்து, ஒட்டியிருக்கும் காற்புள்ளி, முற்றுப்புள்ளியை நீக்கி, ஒவ்வொன்றும் ‘கல்’லுக்குச் சமமா என்று ஃபார் லூப்பில் பாருங்கள். அப்போது ‘கல்லை’, ‘கல்லால்’ இரண்டும் விடுபடும். அவையும் உங்கள் கணக்கில் சேருமா என்பதை லூப்பைத் தொடுவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.