பிள்ளைகளின் பழைய ஷூ: தானமா, குப்பையா?

கேள்வி: மகனின் மூன்று ஜோடி பள்ளி ஷூக்கள் முன்பக்கம் பிளந்து, குதிகால் தேய்ந்து கிடக்கின்றன. பக்கத்துக் குழந்தைகள் இல்லத்தில் கொடுத்துவிடலாமா?
- தாம்பரம் வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளை போட முடியாததை இன்னொரு பிள்ளை ஏன் போட வேண்டும்? எத்தனை முறை எழுதினாலும் இது நிற்க மாட்டேன் என்கிறது. நைந்த மூட்டை வந்து இறங்கினால் பிரிப்பதும், கடைசியில் குப்பை வண்டியில் ஏற்றுவதும் அந்த இல்லத்தார் தலையில்தான் விழுகிறது. ஒரு பக்கமாகத் தேய்ந்த குதிகால் அடுத்த குழந்தையின் நடையையும் கோணலாக்கலாம். கால் வளர்ந்ததால் மட்டும் சிறிதாகிப்போன, சோல் உறுதியாக இருக்கிற ஷூவைக் கொடுங்கள். கழுவிக் காயவைத்து, இரண்டையும் லேஸால் சேர்த்துக் கட்டி, அளவை எழுதி ஒட்டுங்கள். 1999-இல் தொடங்கிய 'கூஞ்ச்' போன்ற தொண்டு அமைப்புகள் இப்படிப்பட்டதை வாங்கிக்கொள்கின்றன. தையல் விட்டது மட்டும்தான் குறை என்றால், முதலில் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பழைய இரும்புக் கடைக்காரர் ஷூ வேண்டாம் என்கிறார். போகியன்று எரித்துவிடலாமா?
- மதுரை வாசகர்

பதில்: எரிக்கவே கூடாது. பிவிசி சோல் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்று நச்சுப் பொருள்கள் கிளம்பும். அதை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுக் குழந்தைதான். கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. ரப்பர், ஃபோம், துணி எல்லாம் பசையால் ஒட்டிக் கிடப்பதால் பிரிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாது. மும்பையின் 'கிரீன்சோல்' பழைய ஷூக்களிலிருந்து செருப்பு செய்கிறது. குழந்தைகளின் அளவை எடுப்பார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் உலர் குப்பையில் சேருங்கள்.

கேள்வி: பழைய ஷூ கொடுத்தால் மறுசுழற்சி செய்வோம், கூப்பனும் தருவோம் என்கிறது ஒரு கடை. நம்பலாமா?
- கோவை வாசகர்

பதில்: ஷூ எங்கே போகிறது என்று கேளுங்கள். ஆதாரமில்லாத 'பசுமை' விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இலேயே நெறிமுறை வெளியிட்டுவிட்டது. கூப்பன் கழித்த விலையைப் பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் வாங்கிய புது ஷூ. மகள் போட்ட முதல் வாரமே சோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டுகிறார்கள்.
- திருச்சி வாசகி

பதில்: உங்கள் மீது தவறே இல்லை. என் மகளுக்கும் ஒரு தள்ளுபடி விற்பனையில் இப்படித்தான் தள்ளிவிட்டார்கள். பள்ளி வாசலில் சோல் பிஸ்கட்டாக நொறுங்கியது. பியூ (பாலியூரித்தேன் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக்) சோல் ஈரத்தை உறிஞ்சி, பெட்டிக்குள் இருந்தபடியே வருடக்கணக்கில் சிதையும். அதனால்தான் பெட்டியில் தயாரிப்பு மாதம், வருடம் பார்க்கச் சொல்கிறேன். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திரும்பப் பெறுவதற்கான கெடு எதுவும் பில்லில் இல்லையென்றால், 30 நாள் என்று கணக்கு. இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள், படம் எடுத்து வையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: வளர்கிற கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினேன். பொருந்துவதற்குள் கிழிந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்கலாமா?
- சேலம் வாசகர்

பதில்: முடியாது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். அடுத்த தடவை பையனையும் கடைக்குக் கூட்டிப்போய், சாக்ஸ் போட்டு, நிற்க வைத்துப் பாருங்கள்.