முதல் லாரியை யாரிடம் ஓட்டுவது?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகனுக்கு ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது, மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்கள், எங்கே அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருக்கும் உங்கள் உறவுக்காரர், ஐம்பது வண்டிக்கு மேல் ஓடும் ஒரு நிறுவனம், சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர். எங்கே பணம் அதிகம் என்றுதான் நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அது தப்பில்லை, வீட்டுக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் வேலைக்கு மட்டும் வேறு கணக்கு வேண்டும்: வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அந்த முதலாளி என்ன செய்வார்?

பயிற்சிப் பள்ளியில் தம்பி ஓட்டியது காலி வண்டி. 10 சக்கர லாரி சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம். அந்தப் பாரத்தோடு தொப்பூர் கணவாயில் இறங்குவதை எந்தப் பள்ளியும் சொல்லித்தரவில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் அந்த இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைச் செய்தியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். டீசல் மிச்சம் பிடிக்கச் சிலர் வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்குகிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடிப்பு இல்லை; மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறி, மிதித்தாலும் நிற்காது. அதனால் முதலில் கேட்க வேண்டியது மைலேஜ் கணக்கு. "லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர், குறைந்தால் பேட்டாவில் பிடிப்போம்" என்று சொல்லும் இடத்தில் புதுப் பையன் நியூட்ரல் போடத்தான் பழகுவான். அங்கே வேண்டாம் அம்மா. எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது ஓவர்லோடு. பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பணத்தை முதலாளி கட்டிவிடலாம். லைசென்ஸை நிறுத்தி வைத்தால் அது தம்பியின் லைசென்ஸ். இதை முதலாளியிடம் கேட்டால் "எங்களிடம் ஓவர்லோடே கிடையாது" என்பார். அங்கே ஓட்டும் டிரைவரிடம் கேட்கச் சொல்லுங்கள்: போன தடவை கேஸ் விழுந்தபோது யார் கட்டினார்கள்? டயர் வெடித்தால், சரக்கு நனைந்தால் யார் தலையில் விழும்? அப்படியே வண்டி நம்பரையும் வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்ஷூரன்ஸ் தீர்ந்துபோன வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

முன்பணம் வாங்கவே வேண்டாம். இருபதாயிரமோ ஐம்பதாயிரமோ, வாங்கிய அன்றைக்கு உதவியாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து, தூக்கம் இல்லாமல் ஓட்டச் சொன்னால் "முடியாது" என்று சொல்ல வாய் வராது. ஒரிஜினல் லைசென்ஸைக் கொடுத்து வைக்கச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். டிரைவருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961லேயே சட்டம் எழுதினார்கள். நீண்ட தூர லைனில் அது அப்படியே நடப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் டபுள் டிரைவரா, ஒற்றை ஆளா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம் என்பதைச் சேரும் முன்பே பேசிவிட வேண்டும்.

இப்போது உங்கள் மூன்று இடங்கள். டிரெய்லர் இப்போதைக்கு வேண்டாம். அதை ரிவர்ஸ் எடுப்பதே தனி வித்தை, துறைமுக வரிசையில் காத்துக் கிடப்பதும் நிறைய. உறவுக்காரரைச் சின்ன முதலாளி என்று ஒதுக்கிவிட மாட்டேன். கிளீனராக ஏறி, டிரைவராகி, வண்டி வாங்கிய முதலாளிகள் சங்ககிரி, நாமக்கல் பக்கம் நிறையப் பேர். அப்படிப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால் அதைவிட நல்ல பள்ளி கிடையாது. ஆனால் உறவு என்பதால் பேட்டா பாக்கியை வாய்விட்டுக் கேட்க முடியாது, பிடிக்காவிட்டால் விலகவும் முடியாது. இரண்டு குடும்பத்துக்கும் மனக்கசப்பு வரும். அதனால் என் யோசனை அந்த நிறுவனம்தான். சம்பளம் குறைவாக இருந்தாலும் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் உண்டா என்று பாருங்கள். முதல் மூன்று மாதமாவது மூத்த டிரைவரோடு செகண்ட் டிரைவராக அனுப்புவார்களா என்று கேளுங்கள். "நாளைக்கே தனியாக வண்டி எடு" என்றால் அங்கேயும் வேண்டாம்.

இரண்டு வருடம் கேஸ் இல்லாமல் ஓட்டிவிட்டால் கதவுகள் திறக்கும். அபாயகரமான சரக்குக்கான 3 நாள் பயிற்சியை முடித்து லைசென்ஸில் பதிந்துகொண்டால் நாமக்கல் எரிவாயு டேங்கர் வண்டிகளுக்கும் போகலாம். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் இப்போதே பதிந்துவைக்க முடியுமா என்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை அந்த நிறுவனத்தின் ஷெட் பக்கம் இருக்கும் டீக்கடைக்கு அனுப்புங்கள். வண்டி நிறுத்திவிட்டு வரும் இரண்டு டிரைவர்களிடமாவது பேசட்டும். அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.