கடைக்கால் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய உரிமை

கேள்வி: கோவையில் சொந்தமாகத் தொழில் நடத்தும் கட்டடக் கலைஞர் நான். சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தினர் வீடு கட்ட வேண்டும் என்று என்னை அணுகினார்கள். நான்கு முறை திருத்தித் தளத் திட்டம் வரைந்தேன். முகப்புத் தோற்றத்தை முப்பரிமாணப் படங்களாகவும் கொடுத்தேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. முன்பணமாக 20,000 ரூபாய் தந்தவர்கள், பிறகு பணம் புரளவில்லை என்று கூறி வேலையை நிறுத்திவிட்டார்கள். இப்போது என் வரைபடத்தையே வேறொரு பொறியாளரிடம் கொடுத்துக் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், அடுத்த மாதம் பூமி பூஜைக்கு நாள் குறித்திருப்பதாகவும் தெரியவருகிறது. நான் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. எனக்கு உரிமை உண்டா? இனி இப்படி நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி, பூமி பூஜை அடுத்த மாதம் என்பதுதான். ஒரு கட்டடம் பிறருடைய பதிப்புரிமையை மீறுவதாகவே இருந்தாலும், அதன் கட்டுமானம் தொடங்கிவிட்ட பிறகு வேலையை நிறுத்தும் தடையாணையையோ, கட்டியதை இடிக்கும் உத்தரவையோ உரிமையாளர் பெற முடியாது என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 59-ஆம் பிரிவு கூறுகிறது. அதன் பிறகு அந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு மிஞ்சுவது இழப்பீடு கேட்கும் உரிமைதான். கடைக்காலுக்கு வானம் (குழி) தோண்டுவது தொடக்கமா, கான்கிரீட் போடுவது தொடக்கமா என்று நீதிமன்றத்தில் வாதிட வேண்டிய நிலைக்கு வந்துவிடாதீர்கள். சிறிய வீடுகளுக்கு, விதிகளுக்கு உட்பட்டதே என்று விண்ணப்பதாரர் தரும் சுயசான்று அடிப்படையில் உடனடியாக அனுமதி வழங்கும் முறை தமிழ்நாட்டில் 2024 முதல் நடப்பில் இருப்பதால், அனுமதி கிடைக்கவே மாதக்கணக்காகும் என்று நம்பிக் காத்திருப்பதும் தவறாகிவிடும்.

உரிமை உண்டா என்ற கேள்விக்கு விடை, உண்டு என்பதே. நம்மில் பலர் காப்புரிமை என்று சொல்லிக் குழப்பிக்கொள்கிறார்கள். காப்புரிமை புதிய கண்டுபிடிப்புகளுக்கு உரியது. வரைபடத்துக்கு உரியது பதிப்புரிமை. அது நீங்கள் வரைந்து முடித்த கணத்திலேயே பதிவு எதுவும் இல்லாமல் உங்களுக்கு வந்துவிடுகிறது, உங்கள் ஆயுட்காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. பணம் கொடுத்தவருக்கே வரைபடம் சொந்தம் என்று பலரும் நம்புவதற்கு, கட்டட வரைபடங்களைப் பொறுத்தவரை, சட்டத்தில் ஆதாரம் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் பணியின் பகுதியாக வரைந்தது நிறுவனத்துக்குச் சேரும். தனியாகத் தொழில் செய்யும் நீங்கள் வரைந்தது, கையெழுத்திட்டு எழுத்துமூலம் மாற்றிக்கொடுக்காத வரை, உங்களுடையதே. காகிதத்தில் உள்ள வரைபடத்தைச் செங்கல்லும் சிமெண்டுமாக எழுப்புவதும் படியெடுப்பதுதான் என்று 14-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

ஆனால் எது உங்களுடையது என்பதில் நிதானம் தேவை. நடுவில் முற்றம் வைப்பது, தெருவைப் பார்த்துத் திண்ணை அமைப்பது, தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிப்பது ஆகியவற்றை யாரும் தம்முடையவை என்று சொல்லிவிட முடியாது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இலேயே உறுதிப்படுத்திவிட்டது. கட்டுமான முறைகளுக்கும் இந்தப் பாதுகாப்பு நீளாது. எனவே இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, விதிகள் கட்டாயப்படுத்தும் பக்க இடைவெளிகளையும், வாஸ்து பார்க்கும் எல்லா வீடுகளிலும் தென்கிழக்கில் வந்து நிற்கும் சமையலறையையும் முதலில் கழித்துவிடுங்கள். மீதியில், வேறு விதமாகவும் செய்திருக்கக்கூடிய இடத்தில் நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று விளக்கக்கூடியவை எவை என்று பாருங்கள்: மாடிப்படி திரும்பும் விதம், அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறக்கும் வரிசை, முகப்பில் திறப்புகளுக்கும் சுவருக்கும் உள்ள விகிதம். உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வரைபடத்தில் கவனப்பிசகாக விடுபட்ட ஓர் அளவோ, பொருந்தாத ஒரு சன்னலோ எதிர்த்தரப்பு வரைபடத்திலும் அப்படியே இருக்குமானால், அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

உங்கள் தரப்பின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் 20,000 ரூபாய் பெற்றிருக்கிறீர்கள். அந்தத் தொகையோடு, அந்த மனையில் அந்த வீட்டைக் கட்டிக்கொள்ளும் அனுமதியையும் நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாமலே உள்ளுறையாகக் கொடுத்துவிட்டீர்கள் என்றே எதிர்த்தரப்பு வாதாடும். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970-களின் தொடக்கத்தில் இதே சிக்கலை இரண்டு வழக்குகளில் இரண்டு விதமாகத் தீர்த்தது: உரிய விகிதப்படி முழுக் கட்டணம் பெற்ற கட்டடக் கலைஞர் உள்ளுறை அனுமதி கொடுத்தவராகிறார் என்று ஒன்றிலும், பெயரளவுக்கு ஒரு தொகை மட்டும் பெற்றவர் அப்படி ஆகமாட்டார் என்று மற்றொன்றிலும் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் எடுத்துக்காட்டத் தக்கவை. ஆகவே அந்தத் தொகை எதற்காகப் பெறப்பட்டது, முழுக் கட்டணத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு, மீதி எந்தக் கட்டத்தில் வரவேண்டியிருந்தது என்பதைக் காட்டும் ரசீது, மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

சான்றுகளைச் சேர்க்கும்போது மூலக் கோப்புகளைத் திறந்து மறுபடி சேமித்துவிடாதீர்கள். கடைசியாகத் திருத்திய தேதி மாறிவிடும். அவற்றின் பிரதியை எடுத்துத் தனி வட்டில் பூட்டிவையுங்கள். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணங்களோடு ஒரு சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் எண்ணும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) குறிக்கப்பட வேண்டும். வாட்ஸ்அப் திரையைப் படம் பிடித்து நீட்டினால் மட்டும் போதாது. கசங்கிப்போன பென்சில் வரைவுகளையும் எறிந்துவிடாதீர்கள். நான்கு திருத்தங்களின் வழியே ஒரு வடிவம் எப்படி வளர்ந்தது என்பதை வரைந்தவரால் மட்டுமே காட்ட முடியும். படியெடுத்தவரிடம் முடிந்த வடிவம் மட்டுமே இருக்கும்.

அடுத்து, வழக்குரைஞர் மூலம் அறிவிக்கை அனுப்ப வேண்டும். குடும்பத்தினருக்கு மட்டுமன்றி அந்தப் பொறியாளருக்கும் அனுப்புங்கள். இது வேறொருவரின் வரைபடம் என்பது தமக்குத் தெரியாது என்று பின்னர் அவர் சொல்வதற்கு இடம் இருக்கக் கூடாது. கடுஞ்சொற்களையும் பகிரங்கப் பதிவுகளையும் தவிர்த்துவிடுங்கள். அடிப்படை இல்லாத மிரட்டலுக்கு எதிராக அவர்களே உங்கள்மேல் வழக்குத் தொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு வழிசெய்கிறது. நீங்கள் தாமதமின்றி வழக்குத் தொடுத்து நடத்தினால் அந்த வழி அவர்களுக்கு அடைபடும். பெரும்பாலான குடும்பங்கள் கட்டுமானத்துக்கு முன் வம்பை விரும்புவதில்லை என்பதால், உரிய கட்டணத்தைத் தந்து முடித்துக்கொள்ள இந்தக் கட்டத்திலேயே முன்வருவதுண்டு. அப்படி வந்தால் அந்த ஒரு மனைக்கு மட்டும் எழுத்துமூலம் உரிமம் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. வராவிட்டால், நீங்கள் தொழில் நடத்தும் இடத்தின் மாவட்ட அளவிலான நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க 62-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் அது வணிக நீதிமன்றத்துக்குச் செல்லும். அவசர இடைக்காலத் தடை கோரும் வழக்குகளுக்கு முன்கூட்டிய சமரசப் பேச்சு கட்டாயமில்லை. உங்களுக்கு இருக்கும் கால அவகாசத்தில் இது பெரிய வசதி.

காவல்துறையை நாடலாமா என்ற எண்ணம் எழக்கூடும். பதிப்புரிமை மீறலுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவே, கட்டடம் கட்டுவது அதன்கீழ் குற்றமாகாது என்று விளக்கம் தந்து விலக்கிவிடுகிறது. உங்கள் வலு உரிமையியல் நீதிமன்றத்தில்தான். வரைபடத்தை எடுத்துக்கொண்டவர் பதிவுபெற்ற கட்டடக் கலைஞராக இருந்திருந்தால், கட்டடக் கலைஞர்கள் சட்டம், 1972-இன்கீழ் இயங்கும் கட்டடக்கலை மன்றத்தில் தொழில் நெறி மீறல் புகார் அளித்திருக்கலாம். பொறியாளர்மேல் அந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை.

கட்டுமானம் தொடங்கியே விட்டாலும் மனம் தளர வேண்டாம். இழப்பீடு கோர மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. 59-ஆம் பிரிவு காப்பது எழும் அந்தக் கட்டடத்தை மட்டுமே. அதே வரைபடத்தைக் கொண்டு இரண்டாவது வீடு தொடங்கப்படாமலும், உங்கள் முப்பரிமாணப் படங்களைப் பொறியாளர் தம் விளம்பரத்தில் போடாமலும் இருக்கத் தடை கேட்கலாம். படைத்தவர் தாமே என்று உரிமைகோரும் 57-ஆம் பிரிவும் உங்களுக்குத் துணை நிற்கும். இந்த இடத்தில் சட்டம் எழுந்த கட்டடத்தின் உரிமையாளர் பக்கமே சாய்கிறது என்பது உண்மை. ராஜ் ரேவல் வடிவமைத்த டெல்லி ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கம் 2017-இல் இடிக்கப்பட்டபோது, நில உரிமையாளர் இடிப்பதைப் படைத்தவர் தடுக்க முடியாது என்றே டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இனிமேலுக்கு, முதல் கோடு வரைவதற்கு முன்பே ஒரு பக்க அளவிலாவது ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வரைபடங்களின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும் என்பதும், முழுக் கட்டணமும் செலுத்திய பிறகே குறிப்பிட்ட மனையில் ஒரு முறை கட்டும் உரிமம் பிறக்கும் என்பதும், இடையில் வேலை நின்றால் வரைபடத்தைப் பயன்படுத்த இன்ன தொகை தர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். கட்டடக்கலை மன்றத்தின் பணி நிபந்தனைகள், வரைபடங்கள் கட்டடக் கலைஞரின் சொத்து என்றே கூறுகின்றன. அவற்றை இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஆட்டோகேட் வரைமென்பொருளின் மூலக் கோப்பைக் கொடுக்க வேண்டாம். தொடக்கக் கட்டத்தில் அளவுகள் முழுமையாக இல்லாத பிடிஎஃப் பிரதி போதும். முக்கியமான வடிவமைப்புகளைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்; பதிவேட்டில் உள்ள விவரம் நீதிமன்றத்தில், மறுத்து நிரூபிக்கப்படாத வரை செல்லும் முதல்நோக்குச் சான்றாக ஏற்கப்படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முப்பரிமாணப் படங்களை வெளியில் ஒருவரிடம் கூலிக்குச் செய்து வாங்கியிருந்தால், அவற்றின் பதிப்புரிமை எழுத்துமூலம் உங்களுக்கு மாற்றப்படாத வரை அவரிடமே இருக்கக்கூடும். வழக்குத் தொடுப்பதற்கு முன் அவரிடமிருந்து உரிமை மாற்றுப் பத்திரம் வாங்கிவிடுங்கள். அதில் காலவரையறை குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளும் என்பதால், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் என்று மறவாமல் எழுதுங்கள்.